கழன்று விழ வேண்டிய டேங்க்: வாசகர் கேள்வி பதில்

ரேடியோ கண்ட்ரோல் போர் விமான மாடலின் இறக்கைக்கு அடியில் தொங்கி, சுவிட்சைத் தட்டினால் பறக்கும்போதே கழன்று விழும் ஃபைபர் கிளாஸ் எரிபொருள் டேங்க், குண்டு ஆகியவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். இங்கே பேசப்படுபவை எல்லாமே உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் கூடுகள். வெடிப்பது, எரிவது எதையாவது நிரப்பிப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

கேள்வி: இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானமான பி-51 மஸ்டாங்கை 1/5 அளவில் கட்டி முடித்துவிட்டேன். டேங்கின் அளவு படத்துக்குப் படம் மாறுகிறது. எதை நம்புவது? (கோவை)

முதலில் எந்த டேங்க் என்று முடிவு செய்யுங்கள். மஸ்டாங்குக்கு 75 கேலன் உலோக டேங்கும் உண்டு, 108 கேலன் காகித டேங்கும் உண்டு. இரண்டின் உருவமும் வேறு. உங்கள் மாடல் எந்தப் படைப்பிரிவின் விமானமோ அதன் பழைய புகைப்படத்தில் எது தொங்குகிறதோ அதுதான் உங்களுக்கு.

அளவைச் சரிபார்க்கத் தண்ணீர் வாளியே போதும். 75 அமெரிக்க கேலன் என்பது 284 லிட்டர். நீளம் ஐந்தில் ஒன்று என்றால் கொள்ளளவு 125இல் ஒன்று, அதாவது 2.27 லிட்டர். 108 கேலன் டேங்குக்கு 3.27 லிட்டர். மூல உருவை, அதாவது கூட்டை வார்க்கும் மோல்டை (அச்சை) எடுப்பதற்கான மாதிரியை, செதுக்கி, வார்னிஷ் அடித்து, விளிம்பு வரை நிரம்பிய வாளிக்குள் அமுக்குங்கள். வழிகிற தண்ணீரை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். நிஜ டேங்க் பெயரளவைவிடச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும் என்பதால் 2.3, 2.35 வந்தால் கவலை வேண்டாம். 2.6 வந்தால் உரு தடித்துவிட்டது. எல்லாப் பக்கமும் 5 சதவீதம் கூடினாலே கொள்ளளவு 15 சதவீதம் ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாத தப்பை வாளி காட்டிக்கொடுக்கும்.

மற்ற விமானக்காரர்களுக்கு: ஜப்பானிய ஜீரோவின் வயிற்று டேங்க் 330 லிட்டர், ஜெர்மானிய பிஎஃப் 109இன் டேங்க் 300 லிட்டர். 1/5 அளவில் முறையே 2.64, 2.4 லிட்டர்.

கேள்வி: முதல் முறை செய்கிறேன். மோல்டிலிருந்து ஆரம்பிக்கட்டுமா, வாங்கிய கூட்டை வைத்து ஆரம்பிக்கட்டுமா? (திருச்சி)

இரண்டும் வேண்டாம். கழற்றும் அமைப்பிலிருந்து ஆரம்பியுங்கள். பளபளவென்று கூட்டைச் செய்து முடித்துவிட்டு, அப்புறம் அதற்குள் தாழ்ப்பாள் எங்கே வைப்பது என்று தேடுவதுதான் இந்த வேலையில் வழக்கமாக நடக்கும் தப்பு. பைலானுக்குள் (விமானத்தில் டேங்கைத் தாங்கும் தண்டுக்குள்) எவ்வளவு இடம் இருக்கிறது, நாக்கு (டேங்கிலிருந்து மேலே நீட்டி, தாழ்ப்பாளில் மாட்டும் பட்டை) எங்கே வரும், விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்கு நேரே டேங்கின் ஈர்ப்பு மையம் வருமா என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் கூட்டின் மேல்பாதியில் எங்கே துளை போடுவது என்றே தெரியும்.

முடிந்தால் முதல் முயற்சி வயிற்றுக்கு அடியில் தொங்கும் ஒற்றை டேங்காக இருக்கட்டும். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு என்றால், ஒன்று விழுந்து ஒன்று மாட்டிக்கொள்ளும் தலைவலி கூடவே வரும். வயிற்று டேங்கிலும் ஒரு சிக்கல் உண்டு: புல்தரையில் ஓடும்போது டேங்குக்கும் தரைக்கும் இடையே குறைந்தது 4 செ.மீ. இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கழற்றும் அமைப்பைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? என்னுடையது மேஜையில் வேலை செய்கிறது, வானத்தில் மாட்டிக்கொள்கிறது. (பெங்களூரு)

பெரும்பாலும் பழி செர்வோ மேல், அதாவது டேங்கைத் தாங்கும் பின்னை இழுக்கும் சிறு மோட்டார் மேல், விழும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 கிராம் டேங்க், திருப்பத்தில் ஐந்து மடங்கு எடை ஆனாலும் 750 கிராம்தான். உராய்வு அதில் மூன்றில் ஒரு பங்கு என்றால் பின்னை இழுக்க 250 கிராம் போதும். சாதாரண 9 கிராம் செர்வோ 10 மி.மீ. கையில் ஒரு கிலோவுக்கு மேல் இழுக்கும். அப்படியும் நகரவில்லை என்றால் அந்தப் பின் எங்கோ கோணலாகிப் பிடிக்கிறது என்று அர்த்தம். பெரிய செர்வோ போட்டால் கோணல் நிமிராது, கம்பிதான் வளையும்.

பின் மாட்டிக்கொள்ளாத அமைப்பு இப்படி இருக்கும். 2 மி.மீ. பியானோ கம்பியில் ஒரு பின். அது ஓட, உள்விட்டம் 2.1 மி.மீ. உள்ள பித்தளைக் குழாய். குழாயை முதலில் 28 மி.மீ. நீளத்தில் ஒரே துண்டாகப் பைலானுக்குள் ஒட்டுங்கள், முன்பின்னாகப் படுத்த நிலையில். எபாக்ஸி நன்றாக இறுகிய பிறகு நடுவில் 4 மி.மீ. அகலத்துக்கு அறுத்து எடுத்துவிடுங்கள். இரண்டு தனித்தனிக் குழாய்களை ஒட்டினால் ஒருபோதும் நேர்கோட்டில் வராது. ஒரே குழாயை ஒட்டி அறுத்தால் வராமல் போகாது. அறுத்த வாயில் பிசிறு இருக்கும். 2 மி.மீ. துளைபோடும் பிட்டைக் கையால் சுழற்றி அதை எடுத்துவிடுங்கள்.

டேங்கின் மேலிருந்து நீட்டும் நாக்கு 3 மி.மீ. கிளாஸ் எபாக்ஸி ஷீட். எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும். அகலம் 8 மி.மீ. பின் நுழையும் துளை 2 மி.மீ. அல்ல, 3 மி.மீ. இந்த ஒரு மி.மீ. தளர்வு இல்லாததால்தான் பாதிப் பேருக்கு மாட்டிக்கொள்கிறது. பின்னின் முனையைப் பென்சில் போலச் சீவி, 600 நம்பர் வாட்டர் பேப்பரில் வழவழப்பாக்குங்கள். பின்னின் முனை பின்பக்கக் குழாய்க்குள் 4 மி.மீ. புகுந்திருக்க வேண்டும். அப்படியானால் 4 மி.மீ. இடைவெளியையும் சேர்த்து 8 மி.மீ. பின்வாங்கினால் நாக்கு விடுபடும். செர்வோவின் 10 மி.மீ. கை இருபுறமும் 45 டிகிரி ஆடினால் 14 மி.மீ. கிடைக்கும். தாராளம்.

டேங்க் அங்குமிங்கும் ஆடாமல் இருக்க முன்னும் பின்னும் 3 மி.மீ. நிலைப்பின்கள் ஒவ்வொன்று, டேங்கில் அவற்றுக்கு 3.5 மி.மீ. துளை. பக்கவாட்டு ஆட்டத்தைத் தடுக்க நிஜ மஸ்டாங்கைப் போலவே பைலானிலிருந்து நாலு கால்கள் டேங்கின் தோளை அழுத்தும். மேஜையில் வேலை செய்து வானத்தில் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். டேங்க் ஆடக் கூடாது என்று இந்தக் கால்களின் ஸ்க்ரூவை இறுக்கிவிடுகிறோம். அந்த இறுக்கம் முழுவதும் நாக்கு வழியாகப் பின் மேல் ஏறுகிறது. டேங்கின் எடை 150 கிராம், ஸ்க்ரூ தருகிற அழுத்தம் இரண்டு மூன்று கிலோ! கையால் டேங்கைப் பிடித்து அசைத்தால் அரை மி.மீ. அசைய வேண்டும். அதுதான் அளவு.

பைலானின் முன்பக்கம் ஒரு ஸ்பிரிங் வையுங்கள், டேங்கை 8–10 மி.மீ. கீழே தள்ளும்படி. பால்பாயிண்ட் பேனாவில் இருப்பது போதும்.

சோதனை: ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டு 20 முறை, டேங்கோடு 50 முறை, விமானத்தை 30 டிகிரி சாய்த்து 10 முறை, என்ஜின் ஓடும்போது 10 முறை, கீழே மெத்தை போட்டு. ஒரு முறை தவறினாலும் எண்ணிக்கையை முதலிலிருந்து ஆரம்பியுங்கள். ரிசீவரின் ஃபெயில்சேஃபில் (சிக்னல் போனால் என்ன செய்வது என்ற அமைப்பில்) இந்தச் சேனல் "மூடிய நிலை" என்று பதிவாகியிருக்க வேண்டும். சிக்னல் ஒரு நொடி விட்டுப்போனால் டேங்க் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்து இதையும் தரையிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு டேங்க் விழுந்தது, மற்றது விழவில்லை. அப்படியே இறக்கலாமா? (மதுரை)

இறக்கலாம். 150 கிராம் இறக்கையின் பாதித் தூரத்தில் தொங்கினால் எய்லரானை (இறக்கை ஓரத்து அசையும் பலகையை) கொஞ்சம் பிடித்தால் சரியாகிவிடும். வேகம் குறைந்து ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை) நெருங்கும்போது மட்டும் அந்தப் பக்க இறக்கை முதலில் சரியும். ஆகவே வழக்கத்தைவிட வேகமாக, நீளமாக, பெரிய திருப்பங்களோடு வந்து இறக்குங்கள். சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே தாழ்வாக வர வேண்டாம். இறங்குகிற நேரத்தில் கழன்று ஆட்கள் பக்கம் உருளும். இந்த நிலை எப்படி இருக்கும் என்பதை அறிய, ஒரு பக்கம் மட்டும் டேங்க் மாட்டி உயரத்தில் ஒருமுறை பறந்து பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: டேங்க் கழன்றதும் கீழே போகாமல் மேலெழும்பி வாலில் மோதியது. ஏன்? (சேலம்)

நேராக இருக்கும்வரை டேங்குக்குக் காற்றுத்தடை மிகக் குறைவு. 10 செ.மீ. தடிமன், 45 செ.மீ. நீளம் உள்ள டேங்க் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் மூக்கை முன்னால் நீட்டியபடி போனால் தடை 20 கிராம் அளவுக்குத்தான் வரும். அதே டேங்க் குறுக்கே திரும்பினால் 600–700 கிராம். டேங்கின் எடையோ 150. இறக்கையைவிட்டு விலகும் முன்பே திரும்பிவிட்டால், காற்று அதை எடையைப்போல் நாலு மடங்கு விசையோடு பின்னால் வீசுகிறது. பின்னால் இருப்பது வால்தான்.

துடுப்பு இல்லாத கண்ணீர்த்துளி உருவம் இயல்பிலேயே நிலையற்றது. எப்படியும் உருளத்தான் போகிறது. நாம் செய்ய முடிந்தது, விலகி ஒரு அடி கீழே போகும்வரை உருளாமல் பார்த்துக்கொள்வது. அதற்காகத்தான் மேலே சொன்ன ஸ்பிரிங் முன்பக்கம் இருக்கிறது: மூக்கு முதலில் தாழும், காற்று முதுகில் பட்டு டேங்கைக் கீழே அழுத்தும். ஈர்ப்பு மையம் மூக்கிலிருந்து நீளத்தில் 35–40 சதவீதத்தில் இருக்கட்டும். பின்பக்க நிலைப்பின்னை முன்னதைவிட 4 மி.மீ. நீளமாக விடுங்கள், வால் கடைசியில் பிரியும். 100 கிராமுக்குக் குறைவான டேங்கை விழவைக்காதீர்கள். இலேசாகச் செய்துவிட்டோம் என்று பெருமைப்படுகிற இடம் இது இல்லை.

பறக்கும் முறையிலும் தப்பு இருந்திருக்கலாம். கழற்றும்போது மட்டமாக, நேராக, பாதி திராட்டிலில் இருங்கள். மூக்கைக் கீழே தள்ளிக்கொண்டே சுவிட்சைத் தட்டினால் விமானம் டேங்கின் மேலேயே இறங்குகிறது. ஃபிளாப் இறங்கியிருக்கும்போதும் வேண்டாம்.

கேள்வி: மூல உருவும் மோல்டும் செய்வதை விளக்குங்கள். இரண்டு பாதிகளும் பொருந்தவே மாட்டேன் என்கின்றன. (கும்பகோணம்)

டேங்க் உருண்டை என்பதால் கடைசல் பட்டறைதான் உங்களுக்கு நண்பன். ஒரே மரக்கட்டையைக் கடையக் கொடுக்காதீர்கள். காய்ந்த மரத்தில் இரண்டு கட்டைகளை எடுத்து, ஒட்டும் முகங்களை நன்றாக இழைத்து, இரண்டு 6 மி.மீ. மரமுளைகளைக் குறுக்கே இறக்கி, நடுவில் ஒரு செய்தித்தாளை வைத்து ஃபெவிகாலால் ஒட்டுங்கள். இரு முனைகளிலும் 3 செ.மீ. கூடுதலாக விட்டு அங்கே ஸ்க்ரூ போட்டுவிடுங்கள், கடைசலில் பிளந்து பறக்காமல் இருக்க. கடைந்து முடித்து முனைகளை அறுத்துவிட்டு, ஒட்டில் உளியை வைத்துத் தட்டினால் செய்தித்தாள் கிழிந்து இரண்டு சரிபாதிகளாகப் பிரியும். கடைசல்காரருக்கு 25 மி.மீ.க்கு ஒன்றாக வார்ப்பு அட்டை வெட்டிக் கொடுங்கள். "படத்தைப் பார்த்துச் செய்யுங்கள்" என்றால் பம்பரம்தான் வரும்.

எந்த வாக்கில் பிரிப்பது என்பதை நிஜ டேங்கே சொல்லும். 75 கேலன் உலோக டேங்க் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு தகடுகளை இணைத்தது. இணைப்பு விளிம்பு இடுப்பைச் சுற்றிப் படுக்கைவாட்டில் ஓடும். நீங்களும் அங்கேயே பிரித்தால், எல்லோரும் தேய்த்து மறைக்கப் பாடுபடுகிற ஒட்டுக்கோடு உங்களுக்கு ஸ்கேல் விவரமாகிவிடும்.

உருவுக்கு எபாக்ஸி ஒரு பூச்சு, பட்டி, பிரைமர், பிறகு 240, 400, 800, 1200 என்று வாட்டர் பேப்பர். ஒரு பாதியை மைக்கா ஒட்டிய பலகையில் ஸ்க்ரூவால் பொருத்துங்கள். சுற்றிலும் 30 மி.மீ. விளிம்பு. அதில் நாலு இடத்தில் அரைக் கோலிக்குண்டு அளவு குமிழ்களை ஒட்டினால் மோல்டின் பூட்டுக்குழிகள் கிடைக்கும். மெழுகு குறைந்தது 5 முறை, இடையில் ஒரு மணி நேரம் விட்டு. கார் பாலிஷ் வேண்டாம். அதில் சிலிக்கோன் இருந்தால் அதற்கு மேல் பூசும் பிவிஏ (ரெசின் ஒட்டாமல் பிரிய உதவும் திரவம்) முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். பிவிஏ காய்ந்ததும் ஜெல்கோட் (மோல்டின் வழவழப்பான முகமாகும் கெட்டி ரெசின்) 50 கிராம், அது விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் 100 கிராம் துணி ஓர் அடுக்கு, அதன் மேல் 300 கிராம் துணி 4 அடுக்கு. ஒரு பாதிக்கு 150 கிராம் ரெசின் கலவை ஆகும். துணியின் எடை எல்லாம் சதுர மீட்டருக்கு.

இப்போது உங்கள் பொருந்தாமைக்கு வருவோம். முதல் பாதி மோல்டு இறுகியதும் உருவை வெளியே எடுக்கக் கூடாது. பலகையை மட்டும் கழற்றிவிட்டு, உரு மோல்டுக்குள்ளேயே இருக்க, இரண்டாம் பாதி உருவை முளைகளில் பொருத்தி, விளிம்புக்கு மெழுகும் பிவிஏவும் பூசி, அதன் மேலேயே இரண்டாம் மோல்டைப் போட வேண்டும். தனித்தனிப் பலகையில் போட்ட இரண்டு மோல்டுகள் ஒருநாளும் பொருந்தாது. பிரிப்பதற்கு முன் விளிம்பில் 6 மி.மீ. போல்ட் துளைகளை 10 செ.மீ.க்கு ஒன்றாகப் போட்டுவிடுங்கள். முழு இறுக்கத்துக்கு இரண்டு நாள் விட்டு, மரச் சீவலால் நெம்பிப் பிரியுங்கள். ஸ்க்ரூடிரைவரால் அல்ல.

கேள்வி: தெர்மாகோலில் உரு செதுக்கி ரெசின் பூசினேன். கரைந்தே போய்விட்டது. எந்த ரெசின் வாங்குவது? (தூத்துக்குடி)

நீங்கள் பூசியது பாலியஸ்டர் ரெசின். அதில் உள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைத் தின்றுவிடும். எபாக்ஸி தின்னாது.

டேங்குக்கு எபாக்ஸியே வாங்குங்கள். எல்ஒய் 556 ரெசினும் எச்ஒய் 951 ஹார்டனரும் நம் ஊரில் கிடைப்பவை. 100 கிராமுக்கு 10 கிராம். எடைதான், கண்மதிப்பு இல்லை. சமையலறைத் தராசில் ஒரு கிராம் தப்பினால் 30 கிராம் கலவையில் அது பெரிய தப்பு; 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டிவிடாதீர்கள். கூடுதல் ஹார்டனர் இணையாமல் உள்ளேயே தங்கிக் கூட்டைப் பிசுபிசுப்பாகவும் பலவீனமாகவும் ஆக்கும். கோடையில் கலவை கிண்ணத்திலேயே புகைய ஆரம்பித்தால் அதற்குக் காரணம் கிண்ணம்: ஆழமான கிண்ணத்தில் சூடு வெளியேற வழியில்லை. கலந்ததும் அகலத் தட்டில் ஊற்றிவிடுங்கள். 50 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் கலக்க வேண்டாம்.

பாலியஸ்டர்தான் கையில் இருக்கிறது என்றால் மோல்டுக்குப் பயன்படுத்தலாம், மர உரு இருந்தால். ஒரே எச்சரிக்கை: கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் எம்இகேபி கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது. வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே மற்றது. ஒரே ஸ்பூனை இரண்டுக்கும் பயன்படுத்துவதும் சேர்ப்பதுதான்.

எபாக்ஸி கையில் பட்டால் முதல் பத்து முறை ஒன்றும் செய்யாது. பதினோராவது முறை தோல் அரிக்கத் தொடங்கினால் அப்புறம் வாழ்நாள் முழுக்க அந்த வாடைக்கே அரிக்கும். நைட்ரைல் கையுறை போடுங்கள். பட்டுவிட்டால் சோப்பும் தண்ணீரும். தின்னர் வேண்டாம், அது ரெசினைத் தோலுக்குள் இன்னும் கொண்டுபோகும்.

கேள்வி: கூட்டுக்கு எத்தனை அடுக்கு துணி? எடை எவ்வளவு வர வேண்டும்? (சென்னை)

1/5 அளவு 75 கேலன் டேங்குக்கு வெளியே 80 கிராம் துணி ஒன்று, உள்ளே 160 கிராம் துணி ஒன்று. பரப்பு சுமார் 0.11 சதுர மீட்டர். துணி 27 கிராம், ரெசின் அதே அளவு. ஒட்டு, நாக்குக் கட்டை, பெயிண்ட் எல்லாம் சேர்ந்து 90–100 கிராம். மீதி 50 கிராமை மூக்குப் பக்கம் எடையாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஈயக் குண்டைக் கட்டியாக வைக்காமல், பருத்தித் தூள் கலந்த எபாக்ஸியில் பரப்பி ஊற்றுங்கள், மூக்குக்கும் பலம்.

கேள்வி: விழுந்தவுடன் ஒட்டில் இரண்டாகப் பிளக்கிறது. மூக்கில் ஊசித்துளைகளும் நிறைய. (ஈரோடு)

பிளப்பதற்குக் காரணம் உள்பக்க வழவழப்பு. இறுகிப்போன எபாக்ஸியின் மேல் புது எபாக்ஸி ஒட்ட வேண்டுமானால் விளிம்பிலிருந்து 15 மி.மீ. அகலத்துக்கு 120 எமரியால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனில் துடைத்திருக்க வேண்டும். உள்ளே வழிந்த பிவிஏ சற்று இருந்தாலும் போயிற்று.

ஒட்டும் முறை: கூடு மோல்டிலேயே இருக்கட்டும். ரெசின் தோல் போல வளையும் பதத்தில், போட்ட மூன்று நாலு மணி நேரத்தில், கூர்மையான பிளேடால் மோல்டு விளிம்போடு சேர்த்து நறுக்குங்கள். இந்தப் பதத்தைத் தவறவிட்டால் அப்புறம் அரம்தான். மேல்பாதியில் 40×15 மி.மீ. துளையும், உள்ளே நாக்கைத் தாங்கும் மரக்கட்டையும் இப்போதே வந்துவிட வேண்டும். இறுகி, சொரசொரப்பாக்கிய பிறகு, கீழ்பாதியின் உள்விளிம்பில் 25 மி.மீ. அகலத் துணிப்பட்டையைப் பாதி வெளியே நிற்கும்படி ஒட்டி, உதட்டில் பருத்தித் தூள் கலந்த கெட்டி எபாக்ஸியை 3 மி.மீ. கம்பிபோல வைத்து, மோல்டை மூடி போல்ட் முறுக்குங்கள். நிற்கிற பட்டையை உள்ளிருந்து யார் அழுத்துவது? நீளமான பலூன். மேல் துளை வழியாக நுழைத்து மெல்ல ஊதிக் கட்டிவிடுங்கள். மறுநாள் ஊசியால் குத்தி இழுத்தால் வந்துவிடும். வீட்டில் பிறந்தநாள் கொண்டாடினால் மீந்த பலூன்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

மூக்கில் ஊசித்துளை வருவது, துணி அந்த வளைவுக்குள் படியாமல் பாலம் போடுவதால். துணியைக் குறுக்குவாட்டில், 45 டிகிரியில் வெட்டினால் படியும். அதற்கு முன் மூக்கின் நுனிக்குழியை ஏரோசில் (ரெசினைக் கெட்டியாக்கும் நுண்தூள்) கலந்த எபாக்ஸிப் பசையால் நிரப்பிவிடுங்கள். பிரஷ்ஷை இழுக்காதீர்கள், குத்துங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் பிவிஏ காயவே இல்லை. (நாகர்கோவில்)

காயாது. மேஜை விளக்கை ஒரு அடி தள்ளி வைத்து, மின்விசிறியும் போடுங்கள். கெட்டியாக ஒரே பூச்சு வேண்டாம், ஸ்பாஞ்சால் மெல்லிய இரண்டு பூச்சு. எபாக்ஸியும் ஈரத்தில் மேலே மெழுகுபோல ஒரு படலம் விடும். சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகே பெயிண்ட்.

கேள்வி: காகித டேங்க் என்றால் உண்மையிலேயே காகிதமா? எப்படி மாடலில் காட்டுவது? (புதுச்சேரி)

உண்மையிலேயே காகிதம்தான். பிரிட்டனில் கிராஃப்ட் காகிதத்தை ரெசார்சினால் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தார்கள், உள்ளே மரத்தடுப்புகள். அலுமினியம் மிச்சம், எடை குறைவு, எதிரி நாட்டில் விழுந்தாலும் அவனுக்கு உலோகம் கிடைக்காது. பெட்ரோல் நீண்ட நேரம் நின்றால் தாங்காது என்பதால் புறப்படுவதற்குச் சற்று முன்புதான் நிரப்புவார்கள். ஒரே பயணம்தான், அப்புறம் வீசிவிட வேண்டியது. 1944 மார்ச்சில் பெர்லின் வரை குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகப் போர் விமானங்கள் போக முடிந்தது இப்படிப்பட்ட வீசியெறியும் டேங்குகளால்தான்.

உருவம் கண்ணீர்த்துளி இல்லை. நடுவில் நேர் உருளை, இரு முனையிலும் தொப்பி. தொப்பி உருளையோடு சேரும் இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிய விளிம்பு தெரியும். மூல உருவில் அந்த இடத்தில் மெல்லிய டேப்பை ஒரு சுற்று ஒட்டினால் போதும். மேலே அலுமினிய நிறப் பூச்சு, ஆனால் எவர்சில்வர் பளபளப்பு கூடாது; தண்ணீர்த்தொட்டிக்கு அடிக்கிற சில்வர் பெயிண்ட் போல மங்கலாக.

நெருங்கிப் பார்ப்பவர்களுக்காக ஒன்று. மஸ்டாங்கில் பைலானுக்கும் டேங்குக்கும் இடையே இரண்டு குழாய்கள் போகும். ஒன்று எரிபொருளுக்கு, மற்றது டேங்குக்குள் அழுத்தம் தரும் காற்றுக்கு. உயரத்தில் அழுத்தம் இல்லாமல் எரிபொருள் மேலேறாது. அந்தக் குழாய்களின் முழங்கை வளைவு கண்ணாடியால் ஆனது. டேங்க் கழன்றதும் கண்ணாடி உடைந்து விலகிவிடும், எதையும் பிடித்து இழுக்காது. மாடலில் 3 மி.மீ. தெளிவான பிளாஸ்டிக் குழாயை வளைத்துப் பைலான் பக்கம் ஒட்டி, டேங்க் பக்கம் துளைக்குள் 2 மி.மீ. மட்டும் நுழைத்து விடுங்கள். கருப்பு டியூபை இருபுறமும் ஒட்டி, டேங்கைத் தொங்கவிட்டுத் திண்டாடியவர்கள் உண்டு.

கேள்வி: மாடல் டேங்கில் நிஜமாகவே பெட்ரோல் வைத்து என்ஜினை ஓட்டலாமா? (வேலூர்)

வேண்டாம். இரண்டு லிட்டர் பெட்ரோல் ஒன்றரைக் கிலோ. அதை ஒரே ஒரு பின்னில் தொங்கவிட்டு ஆட்கள் நிற்கும் மைதானத்தில் பறப்பது விளையாட்டு இல்லை.

கேள்வி: டேங்குக்குப் பதில் 500 பவுண்டு குண்டு மாதிரி செய்கிறேன். துடுப்புகள் ஒவ்வொரு முறையும் நசுங்குகின்றன. (ஓசூர்)

அமெரிக்க ஏஎன்-எம்64 என்றால் விட்டம் 14.2 அங்குலம், 1/5 அளவில் 72 மி.மீ. மோல்டு முறை டேங்குக்குச் சொன்னதேதான். பெட்டித் துடுப்பைப் பழைய ஆஃப்செட் அச்சுத் தகட்டில் செய்தால் அழகு. அச்சகத்தில் கேட்டால் கிடைக்கும், கத்தரியால் வெட்டலாம். ஆனால் ஒருமுறை விழுந்தால் நசுங்கும். ஆகவே இரண்டு ஜோடி வையுங்கள்: காட்சிக்குத் தகடு, விழவைக்க அரை மி.மீ. பாலிப்ராப்பிலீன். கடையில் விற்கும் பிளாஸ்டிக் ஃபைல் அட்டைதான் அது. எபாக்ஸி அதில் பிடிக்காது என்பதால் 2 மி.மீ. ஸ்க்ரூவால் பொருத்துங்கள்.

குண்டு டேங்கைவிட நல்ல பிள்ளை. துடுப்பு இருப்பதால் உருளாது. ஸ்டூக்கா (ஜெர்மானிய ஜூ 87) மாதிரி செங்குத்தாகப் பாய்ந்து வயிற்றுக் குண்டை விடுவதாக இருந்தால் மட்டும் கவனம். நேராக விட்டால் குண்டு சுழலும் புரொப்பெல்லரைத் தொடும். அதனால்தான் நிஜ ஜூ 87இல் ஒரு கவட்டைக்கோல் குண்டை முன்னோக்கி வீசி வெளியே தள்ளிவிடும். மாடலிலும் அதே கவட்டை வேண்டும், இல்லையென்றால் மட்டமாகப் பறந்தே விடுங்கள். இன்னொன்று: கரும்பச்சைக் குண்டை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். அறைச்சூட்டில் இறுகிய எபாக்ஸி 60 டிகிரியில் இளகி, ஒருபக்கம் சப்பையாகிவிடும்.

கேள்வி: போட்டிகளில் இதற்கு மதிப்பெண் உண்டா? (திருநெல்வேலி)

உண்டு. உலக வான் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐயின் எஃப்4சி ஸ்கேல் பிரிவில் போட்டியாளர் தேர்ந்தெடுக்கும் விருப்பச் செயல்களில் குண்டு அல்லது எரிபொருள் டேங்கை விழவைப்பதும் ஒன்று. நிஜ விமானம் அதைச் செய்தது என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டும். நடுவர்களுக்கு நேராக, நடுக்கோட்டில் விழ வேண்டும். சுவிட்சைத் தட்டியதற்கும் டேங்க் பிரிவதற்கும் இடையே அரை நொடி போனால் விமானம் பத்து மீட்டர் தாண்டியிருக்கும், கொஞ்சம் முன்னதாகவே தட்டுங்கள். விழுந்ததை எடுக்கப் போகும் உதவியாளர் எல்லா விமானமும் இறங்கிய பிறகே ஓடுபாதையைக் கடக்கட்டும். சில்வர் டேங்க் புல்லில் தொலைவிலிருந்து தெரியவே தெரியாது. அடிப்பாகத்தில் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டிப் பழகுங்கள், போட்டியன்று உரித்துக்கொள்ளலாம்.